பதினெட்டாவது முயற்சியில் திறந்த உங்கள் கம்ப்யூட்டர்

உ

என் அன்புக்குரிய மாமாவுக்கு,

நேற்றுக் காலை உங்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள்: அத்தை, உங்கள் மகன், பாப்பாரப்பட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார் மகேஸ்வரி, உங்கள் மருமகள் நான். ஆக நாலு பேர். நாலு பேரும் சாட்சி. திறந்துவிட்டது மாமா. உள்ளே ஒன்றும் அழியவில்லை.

உங்கள் தலைத்திவசம் முடிந்ததும் குலசாமி முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க நாள் குறித்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் பயம் வந்தது. பங்காளி வீடுகளின் பட்டியல் முழுவதும் உங்கள் கம்ப்யூட்டருக்குள். ஒரு வீட்டை அழைக்காமல் விட்டால் நாலு தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? பாஸ்வேர்டை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் ஓடும், உள்ளே இருப்பது போய்விடும் என்றார். உங்கள் மகன் சரி என்று தலையாட்டினார். பட்டியல்தானே, மறுபடி எழுதிக்கொள்ளலாமாம். கூடவே வந்திருந்த அத்தை கேட்டார்கள்:

"எழுதறதுக்கு உங்கப்பாரு எந்திரிச்சு வருவாரா?"

கம்ப்யூட்டர் அப்படியே வீடு திரும்பியது.

உங்கள் டைரியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே ஆங்கில எழுத்தில் முனியப்பன் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடித்தேன், திறக்கவில்லை. பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், பின்னால் உங்கள் பிறந்த வருஷம் சேர்த்து என்று விதவிதமாக அடித்தேன். அடித்ததையே மறுபடி அடிக்கக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். பதினேழு ஆனது.

நேற்று விடிகாலை விளக்கேற்றும்போது, நீங்கள் அடித்த பழைய பொங்கல் அழைப்பு சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தது. மேலே நடுவில் 2 என்று இருந்தது. நினைவிருக்கிறதா மாமா? இது இரண்டாம் பக்கம் என்றால் முதல் பக்கம் எங்கே என்று அன்றைக்கு உங்களைக் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அது பக்க நம்பர் இல்லம்மா, புள்ளையாரு. இங்கிலீஷ் கீபோர்டுல அவரு சாயல்ல இருக்கறது இது ஒண்ணுதான்."

எதை எழுதினாலும் முதலில் சுழி போடுகிற கைதான் எனக்கும். டைரியில் அதைப் பார்த்தேன், வழக்கம் என்று தாண்டிப் போனேன். பாஸ்வேர்டுக்கும் நீங்கள் பிள்ளையாரை முன்னால் நிறுத்துவீர்கள் என்று தோன்றவில்லையே.

மற்ற மூன்று பேரையும் கூட்டி வைத்து, 2 அடித்து, பிறகு முனியப்பனை அடித்தேன். திரையில் உங்கள் முருங்கை மரப் படம் வந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மகேஸ்வரி தன் அண்ணனை விடவில்லை.

"டிப்ளமா படிச்சவரு அழிக்கப் பார்த்தாரு, எட்டாவது படிச்ச அண்ணி தொறந்துட்டாங்க."

அவரும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் டீ போட்டார். அவர் டீ போட்டு நீங்கள் பார்த்ததுண்டா?

பட்டியலில் அறுபத்திரண்டு வீடு. கடைசி வரி மாரண்டஹள்ளிப் பெரியப்பா வீடு. வாய்க்கால் சண்டைக்குப் பிறகு நீங்கள் பெயர்கூடச் சொல்லாத வீடு. பெயருக்கு எதிரே, "கூப்பிடலாமா?" என்று அடித்து வைத்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டீர்கள் மாமா? அதைப் படித்ததும் அத்தை, "அவரையே கேளு" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை முனியப்பன் தலையில் பூ வைத்துக் கேட்கப்போகிறேன். வலப்பக்கம் விழுந்தால் நீங்கள் சரி சொன்னதாக எடுத்துக்கொள்வேன். அன்றைக்கே வெற்றிலை பாக்கோடு மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறுவேன். இது சத்தியம். பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் சொல்லுங்க மாமா.

உங்கள் வீட்டு மூத்த மருமகள்,
செல்வி