டொயில் வீட்டுக் குசினி யன்னல்

சிவமயம்

பலரட்,
17.04.1977

அன்பு மகள் பாமாவுக்கு,

நீயும் மருமகன் சிறிதரனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நார்த்மீட்டில் உங்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, யூன் மாதத்தோடு அப்பா அலுவலகத்தை மூடிவிட்டு வரலாம், சிட்னியில் பெரிய கொம்பனி ஒன்றில் அவருக்கு ஆர்க்கிடெக்ட் வேலைக்குச் சிறிதரன் பேசி வைத்திருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத முன் இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பதில் உனக்கு விளங்காது.

பெப்ரவரி நெருப்பைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பாய். எங்கள் ஊருக்குள் வரவில்லை, ஆனால் மேற்கே புல்வெளிப் பக்கம் எத்தனையோ பண்ணை வீடுகள் போய்விட்டன. அதில் ஒன்று கெவின் டொயில், மேரி டொயில் என்ற புருஷன் பெண்சாதியுடைய வீடு. செம்மறி வளர்க்கிறவர்கள், ஐம்பது வயது தாண்டியவர்கள், பிள்ளைகள் இல்லை. கெவின் அப்பாவிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான், இருந்த வீட்டை இருந்தபடியே திருப்பிக் கட்டித் தாருங்கள் என்று. பழைய பிளான் எதுவும் இல்லை. சாம்பலுக்குள் தனியாக நின்ற புகைபோக்கியை வைத்துக்கொண்டு, அவர் கைகாட்டக் கைகாட்ட அப்பா அளந்து வந்து வரைந்தார், நான் வழக்கம்போல அவருடைய பென்சில் கோடுகளுக்கு மேல் மை போட்டு எழுத்தெல்லாம் எழுதிக் கொடுத்தேன். கொண்டுபோய்க் காட்டினால் கெவினுக்கு வலு சந்தோஷம். மேரி மட்டும் பார்த்துவிட்டு, வடிவாக இருக்கிறது என்று சொல்லி எழும்பி வெளியே போய்விடுவாராம். அப்பா கதவை அகலமாக்கிப் பார்த்தார், குளியலறையை இடம் மாற்றிப் பார்த்தார், அதே கதைதான். கடைசியில் என்னிடம், "நீரும் ஒருக்கா வாரும் ராணி, அந்த மனுசி என்னோடை கதைக்கிறா இல்லை" என்றார்.

நான் போனேன். அவர்கள் இப்போது காரின் பின்னால் இழுக்கிற ஒரு கரவன் வண்டிக்குள் சீவிக்கிறார்கள். ஆண்கள் இருவரும் வெளியே கயிறு பிடித்து, முளைக்கட்டை அடித்து அளந்துகொண்டு நிற்க, மேரி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் பிளானைப் பற்றி வாயே திறக்கவில்லை. குசினியில் எந்தப் பக்கம் பார்த்தபடி நிற்க உங்களுக்கு விருப்பம் என்று மட்டும் கேட்டேன், நானும் அரைவாசி நாள் அங்கே நிற்கிறவள்தானே. மேரி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பழைய குசினிக்கு ஒரே ஒரு யன்னல்தானாம், அதுவும் தெற்குப் பக்கம், கம்பளி வெட்டுகிற கொட்டகையின் சுவரைத்தான் பார்க்கலாம். நெருப்பு வந்தது வடக்கிலிருந்து. கெவின் அன்றைக்குத் தீயணைக்கிற ஆட்களோடு வேறு பக்கம் போய்விட்டார். மேரி தன் பாட்டுக்குக் கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். நாய் குரைத்த குரைப்பில் வெளியே வந்து பார்த்தால் வீட்டுக்கு முன்னாலேயே வேலி எரிகிறது. நாயையும் இழுத்துக்கொண்டு ஓடி, ஆடுகளுக்குத் தண்ணீர் தேக்கி வைக்கும் குளத்துக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று தப்பியிருக்கிறார். குளத்தில் நின்றது கெவினுக்குத் தெரியும், யன்னல் கதை தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அது கெவினுடைய தகப்பன் கட்டின வீடு, அது திரும்பி வரும் என்ற நினைப்பில்தான் மனுசன் காலையில் எழும்புகிறார், அதையும் நான் எப்படிப் பறிக்கிறது என்றார்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. வெளியே போய், மேரி தான் நிற்கப்போகிற இடத்தைக் காட்டும் வரைக்கும் இந்தப் பிளானுக்கு நான் மை போடமாட்டேன் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மேரி கரவனை விட்டு இறங்கினார். பிறகு சாம்பலுக்குள் நடந்து வந்து வடக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றார். கெவின் மேரியிடம், அது விறாந்தை அறை இருந்த இடமல்லவா என்றார். தெரியும், அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு இனி ஒரு கோப்பைகூட என்னால் கழுவ ஏலாது, நெருப்பு வருகிறதை நான் காணவில்லை கெவின், காணவேயில்லை என்றார் மேரி. கெவின் தொப்பியைக் கழற்றினார். அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். ஆனால் அவர், உன் அப்பாவின் கையிலிருந்த முளைக்கட்டையை வாங்கி, மேரியின் காலடியில் தானே அடித்து இறுக்கிவிட்டு, யன்னல் எவ்வளவு அகலம் வேணும் என்று கேட்டார்.

இப்போது பிளானில் அந்த வீடு முழுக்கத் திரும்பி வடக்கைப் பார்க்கிறது. இரண்டு பேரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எரிந்த பண்ணைகளிலிருந்து வேறு பெண்களும் வருகிறார்கள், அப்பாவைக் கேட்டு இல்லை, என்னைக் கேட்டு.

மகள், அப்பாவோடு கோபிக்காதே. அவர் உன் கடிதத்தைப் படித்தவுடன் வர ஆயத்தமாகிவிட்டார். வரவில்லை என்று சொன்னது நான். இந்தக் குளிரில் தமிழ் கதைக்க ஒருவரும் இல்லை என்று வருஷக்கணக்காக உனக்கு அழுது எழுதியவளும் நான்தான், மறக்கவில்லை. ஆனால் இந்த வேலையை நடுவில் விட எனக்கு மனம் இல்லை. யூலைக் கடைசியில் நான் தனியாக ரயிலில் வருவேன், பிள்ளை பிறந்து உன் உடம்பு தேறும் வரைக்கும் நிற்பேன். அப்பாவுக்குச் சோறும் பருப்பும் காய்ச்சத் தெரியும், சாகமாட்டார். கிளென் வேவர்லியில் இருக்கிற சிவனேஸ்வரி அன்ரி அடுத்த மாதம் சிட்னி வருகிறா, பிள்ளை பெற்ற பிறகு காய்ச்சிச் சாப்பிடச் சரக்குத்தூள் அவவிடம் கொடுத்து விடுகிறேன், ஈரம் படாமல் வை. இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடு. கோபம் வந்தால் வரட்டும், சாப்பாட்டை மட்டும் விடாதே.

இன்னொன்று. அப்பா அலுவலக வாசல் பலகையை மாற்றி எழுதுவித்திருக்கிறார், இந்திரகுமார் அண்ட் இந்திரகுமார் என்று. நேற்று வந்த ஒரு பண்ணைக்காரர், மற்ற இந்திரகுமார் உங்கள் மகனா என்று கேட்க, அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். நான் பிளானிலிருந்து நிமிரவில்லை, போட்ட மை இன்னும் காயவில்லை.

உங்கள் மூவருக்கும் அம்மாளின் காவல் எப்போதும் இருக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
யோகராணி இந்திரகுமார்