அருவிக்கு முன்னால் நின்ற நாற்காலி

ஜூலை 15, செவ்வாய்

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மாடசாமி அண்ணாச்சிக்கு மூளை சிக்னலால் ஓடும் சக்கர நாற்காலி கிடைக்க வேண்டுமென்றால், முதலில் கணினித் திரைக்குள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் என்பதால் மெயினருவிப் பாதையையே திரையில் செய்து வைத்தேன். அழகாக இருக்கட்டுமென்று தண்ணீரையும் கூட்டினேன்.

காலையில் சென்சார் தொப்பியை மாட்டிக்கொண்டு ஐந்து தடவை ஓட்டினார். ஐந்து தடவையும் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் நாற்காலி நின்றுவிட்டது. 'சிக்னல் போதாது, தேறவில்லை' என்று எழுதி மதியமே நாற்காலி ஒதுக்கும் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு என்ன அவசரமோ.

சாயங்காலம் அவரை வேனில் ஏற்றும்போதுதான் கேட்டேன். "கடைசில நினைப்பு எங்கன போயிருது அண்ணாச்சி?"

"எங்கனயும் போகல. நாந்தான் நிப்பாட்டுனேன். தண்ணி பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேல விழுது. அந்நேரம் போலீஸ்காரன் ஒருத்தனையும் உள்ள விடமாட்டாம்லா? அதுல கொண்டுபோய் எவனாவது நாற்காலிய விடுவானாடே?"

நிற்க வேண்டுமென்று நினைத்தார், நின்றிருக்கிறது. ஐந்து தடவையும்.

நாளைக் காலையில் முதல் வேலையாகப் போன் செய்ய வேண்டும். அனுப்பியதைத் திருத்த விடுவார்களா, தெரியவில்லை.

வேன் கிளம்பும்போது, "நாற்காலி எப்பம்டே வரும்?" என்றார். நான் அவருடைய பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.