ஆறாம் பிளாக்கில் ஒருவன்

ஜூன் 6, வியாழன்
இன்று சிறையில் ஒன்பது பேருக்குக் கண் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளி வாரம் அரை நாள் விடுப்பும் ஒரு பழைய லென்ஸ் பெட்டியும் தந்ததிலிருந்து இதுதான் வழக்கம். முதலில் ஜெபம், பிறகு கண் சோதனை. பதினோரு வருடம் ஆகிவிட்டது. கிளம்பும்போது வார்டர் புதிதாக வந்தவர்களின் பட்டியலை நீட்டினார். நான்காவது பெயரை இரண்டு முறை படித்தேன்.

அவன். குடித்துவிட்டு லாரி ஓட்டி என் கணவரைக் கொன்றவன். வேறு சிறையிலிருந்து இங்கே, ஆறாம் பிளாக்குக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஜூன் 7, வெள்ளி
அத்தையிடம் சொல்லவில்லை. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். தலைவலி என்றேன். மாமியாரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாய் குழறியது.

ஜூன் 13, வியாழன்
போகவில்லை.

ஜூன் 20, வியாழன்
இன்றும் இல்லை. காய்ச்சல் என்று வார்டருக்குச் சொல்லியனுப்பினேன். கடையில் ஒரு பெரியவரின் வலது கண் லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பாவம், படியில் தடுக்கி விழுந்து திரும்பி வந்தார்.

ஜூன் 23, ஞாயிறு
பாஸ்டரிடம் சொன்னேன். "வேற யாரையாவது அனுப்பலாம்மா. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. பத்தொன்பது வயதில், ஜெபக் கூட்டத்தில், யாரும் தள்ளிவிடாமல் தானாக எழுந்து நின்றவள் நான். கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் போ என்று ஆண்டவர் சொன்னது எனக்குத்தான் கேட்டது. அன்றைக்கு 'இவனைத் தவிர' என்று சொன்னேனா? சொல்லியிருக்கணும். ஆண்டவரே, உமக்கு நான்தான் கெடச்சேனா?

ஜூன் 26, புதன்
அத்தையிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எம் புள்ளய கொன்னவனுக்குக் கண்ணாடி மாட்டிவிடப் போறியா?"

"அவனுக்காகப் போகல அத்தை. அங்க போறதுதான் எனக்குக் குடுத்த வேலை."

"செத்தது உன் புருஷன்டி!"

மதியம் நாத்தனார் வந்து அத்தையை அழைத்துப் போய்விட்டாள். வாசலில் அத்தையின் செருப்பு இல்லை. நறுக்கிய காய் அப்படியே கிடக்கிறது. நான் என்ன பண்ணிட்டேன்—

ஜூன் 27, வியாழன்
போனேன். அவன் வரவில்லை. என் பெயரைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். எனக்கு — எழுதவே வெட்கமாக இருக்கிறது — சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 11, வியாழன்
மூன்றாவது வாரமாக வரவில்லை. அத்தையும் போனை எடுப்பதில்லை.

ஜூலை 18, வியாழன்
வந்தான். வரிசையில் கடைசி. கோர்ட்டில் பார்த்ததில் ஆள் பாதியாகியிருந்தான். லென்ஸ் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்ட என் கை அவன் காது வரை போக வேண்டும். போகவில்லை. லென்ஸ் நழுவித் தரையில் விழுந்தது. அவனே குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினான்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

சட்டத்தை மாட்டினேன். "கடைசி வரியப் படிங்க" என்றேன். இரண்டு எழுத்து படித்தான். மூன்றாவதில் உடைந்துவிட்டான். அழுது முடிக்கும் வரை எழுத்து அட்டையைப் பிடித்தபடி நின்றேன். பிறகு மறுபடி முதலிலிருந்து. பவர் வலது ஒன்றரை, இடது இரண்டு.

அவனுக்காக ஜெபிக்க வாய் வரவில்லை. மன்னிச்சுட்டேனா? தெரியல. சத்தியமா தெரியல. அடுத்த வியாழன் போவேன். அது மட்டும் தெரியும்.

ஜூலை 25, வியாழன்
கண்ணாடியைக் கொடுத்தேன். ஜெபத்தில் அவன் பெயரையும் சொன்னேன். கடைசியாக, அவசரமாகத்தான்; ஆனாலும் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்தால், வாசற்படியில் அத்தை, பக்கத்தில் பை. வீட்டுச் சாவி கையில் இருந்தும் உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தார். பையை எடுத்து உள்ளே வைத்தேன். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்களாம் அத்தை. இவ்வளவு தூரம் வர முடியாத வயசுன்னு சொன்னான்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி திரும்பினார்.

"புள்ள உசுரோட இருக்கான், நல்லாத்தான் இருக்கான்னு அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடு. நான் சொன்னேன்னு மட்டும் எழுதாதே."