பட்டுக்கோட்டை தாண்டிய குடை

10 ஆகஸ்ட் 1958, ஞாயிறு

காலை ஆராதனை. பிறகு ஆலயக் கமிட்டி. பெஞ்சுகளுக்கு இப்போதே வார்னிஷ் அடிப்பதா, தீபாவளி சீசன் முடியட்டுமா என்று பேசிப் பேசி, அடுத்த கூட்டத்தில் பேசுவது என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஞானதீபம் ஆரம்பித்தாள். "இந்த வருசம் நடக்கப் போறேங்க. பதினஞ்சாந் தேதி மாதா திருநா முடிஞ்சு மறுநாள் நம்மூருக் கூட்டம் கெளம்புது."

எங்கே என்று நான் கேட்கவில்லை. வேளாங்கண்ணிதான். மூன்று வருஷமாக இதே பேச்சு. கம்பெனியின் பட்டாசுக் குடோனில் தீப்பிடித்து, முதுகும் கை விரலும் வெந்து நான் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவர் பிழைத்தால் நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாளாம். என்னை வைத்து ஒப்பந்தம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இவள் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். என்னைக் கட்டிய பிறகு, மாதாவைக் கும்பிடாத எங்கள் சபைக்கு வந்துவிட்டாள். கமிட்டி மெம்பரின் பெண்டாட்டி வெறுங்காலோடு மாதா கோயிலுக்கு நடந்தால் நான் எந்த முகத்தோடு வார்னிஷைப் பற்றிப் பேசுவது?

"மருந்து காப்பாத்துச்சு. கர்த்தர் காப்பாத்துனாரு. நடுவுல நீ எதுக்கு நடக்கணும்?" என்றேன்.

"நீங்க பொழச்சீகள்ல. எஞ் சொல்லு அப்படியே நிக்குது" என்றாள்.

15 ஆகஸ்ட்

லீவு. பிற்பகலில் பெரிய சண்டை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். "போறதுன்னா அப்படியே போயிரு. திரும்பி இந்த வீட்டுப் படி ஏறாத." அடுத்த வீட்டிலிருக்கும் தேவமணி அக்காவுக்குக் கேட்டிருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஞானதீபம் புளிக்குழம்பை இன்னும் கொஞ்சம் சுண்ட வைத்தாள். இரண்டு நாளுக்குத் தாங்கும்.

16 ஆகஸ்ட்

விடிவதற்குள் போய்விட்டாள். குடையையும் காணோம்.

18 ஆகஸ்ட், திங்கள்

லாரி ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் பட்டாசு லோடு ஏறத் தொடங்கிவிட்டது. நான் வழக்கம்போல் கணக்கு மேஜையை விட்டு நகரவில்லை. லோடு ஏறும் பக்கம் நான் போகமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் கூப்பிடுவதும் இல்லை.

அருப்புக்கோட்டை வழியாக வந்த டிரைவர் சோணைமுத்து டீயை ஊதிக்கொண்டே, "மதினி கூட்டம் அருப்புக்கோட்டை போயிருச்சு அண்ணாச்சி" என்றான். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குடைதான். கறுப்புக் குடையில பச்சை ஒட்டு. நம்ம லாரித் தார்ப்பாய் எனக்குத் தெரியாதா?"

போன ஐப்பசி மழையில் கிழிந்ததற்கு நான்தான் தார்ப்பாய்த் துண்டு வைத்துத் தைத்தேன், மடங்காத இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு. அசிங்கமான தையல். இருந்தும் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறாள்.

குடையைக் கொண்டுவந்து கொடுக்கவாவது இந்த வீட்டுக்கு வரவேண்டும் இல்லையா? அல்லது நேராக அச்சங்குளத்தில் தன் அண்ணன் வீட்டில் இறங்கிவிடுவாளோ?

19 ஆகஸ்ட்

கேட்கக் கூடாது என்றிருந்தேன். கேட்டுவிட்டேன். திருச்சுழி.

21 ஆகஸ்ட்

மானாமதுரை. இன்னொரு டிரைவர் கோட்டைச்சாமி லாரியிலிருந்தே பார்த்தானாம். கூட்டத்தின் கடைசியில் குடை போகிறதாம், மெதுவாக.

இப்போது சாப்பாடு பக்கத்து வீட்டில்தான். சோறு போடும்போது தேவமணி அக்கா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "குடை எங்கன இருக்கு?" என்றாள். பள்ளிக்கூடத்து டீச்சர். மாதா, மாலை, மெழுகுவர்த்தி எதுவும் அவளுக்கு ஆகாது. "அவ நடக்குறது தப்பு. ஆனா எங்க நடக்குறான்னு தெரிஞ்சுக்கிறதுல தப்பு இல்லல்ல" என்றாள். மானாமதுரை என்றேன். "ஐயோ, இன்னும் எம்புட்டுத் தூரம்!" என்று ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள். நடப்பது அவள், கூடுதல் சோறு எனக்கு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காளையார்கோவில். இந்தச் செய்தி ஆலய வாசலில் வந்தது. கோட்டைச்சாமி லாரியை நிறுத்தி, "அண்ணாச்சி, காளையார்கோவில் தாண்டியாச்சு!" என்று கத்திவிட்டுப் போனான். போதகர் என்ன விஷயம் என்று விசாரித்தார். லோடு என்றேன். ஆலய வாசலில் பொய்.

27 ஆகஸ்ட்

தேவகோட்டை தாண்டி அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம். குடை இன்னும் கடைசியில்தான். காலில் ஏதாவது இருக்குமோ? நல்ல பெண்பிள்ளை, வலித்தாலும் சொல்லமாட்டாள்.

28 ஆகஸ்ட்

செய்தி இல்லை. அந்தப் பக்கத்து லாரி எதுவும் திரும்பவில்லை. ஒரு கணக்கும் ஒழுங்காக ஓடவில்லை.

30 ஆகஸ்ட்

நல்ல செய்தி. குடை அறந்தாங்கி தாண்டிவிட்டது. அதுவும் கூட்டத்துக்கு முன்னால் போகிறதாம். "நம்ம லாரியை முந்திரும் போல, அப்படி ஒரு நடை" என்றான் சோணைமுத்து. கால் பழகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மைலில் இருக்கும் ஆமத்தூர்க் கல்யாணத்துக்கு மாட்டுவண்டி கேட்பவள்!

அக்காவிடம் சொன்னேன். "பார்த்தியா, நம்ம வீட்டுச் சோறு" என்றாள்.

1 செப்டம்பர், திங்கள்

என்ன எழுதுவது.

குடை பட்டுக்கோட்டை தாண்டியாச்சு என்ற செய்தியோடுதான் கோட்டைச்சாமி வந்தான். முகம் சரியில்லை. மதினிக்குக் கொடுக்கலாம் என்று முறுக்கு வாங்கி வைத்திருந்தானாம். பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் லாரியை ஓரம் கட்டி இறங்கிப் போயிருக்கிறான்.

"அது மதினி இல்ல அண்ணாச்சி."

குடையைப் பிடித்திருந்தவள் மாரித்தாய் என்று, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் ஒருத்தியாம். ஞானதீபம், காலில் முள் ஏறி வீங்கியதால், நடக்க முடியாமல் அறந்தாங்கியிலேயே நின்றுவிட்டாளாம். மாதா கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாம். வழியில் நின்றுபோகிறவள் தன் பொருள் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் அவளே போய்ச் சேர்ந்த மாதிரி. இவள் குடையைக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியில் வந்ததுதான் இவள். முன்னால் ஓடியது வேறு யாரோ. பாவி, நான் சனிக்கிழமை உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். அவள் அங்கே காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடக்கிறாள், நான் இங்கே குடையை வைத்துப் பெருமை பேசிக்கொண்டு— குடைக்குக் கீழே யார் என்று பார்க்கச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேனா? "நல்லாயிருக்கியா" என்று? இல்லை. எங்கே வந்திருக்கிறாள் என்று மட்டும்தான் கேட்டேன்.

2 செப்டம்பர்

முதலாளியிடம் லீவு கேட்டேன். "சீசன்ல போறீரா? அப்படியே போயிரும், திரும்பி வராதேயும்" என்றார். அதே சொல். சொல்கிறவர்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

அக்கா இட்லியைக் கட்டிக் கொடுத்தாள். கமிட்டிக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் சொன்னால் போதகரே வாயைத் திறக்கமாட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நாளை ஆகும். பட்டுக்கோட்டை லோடோடு சோணைமுத்து கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் லோடைப் பார்த்தேன். குடோனில் அன்றைக்கு அடித்த அதே வெடிமருந்து வாசம். ஏறிவிட்டேன். வழி முழுக்க முதுகை சீட்டில் சாய்க்கவில்லை. சோணைமுத்து பீடியே எடுக்கவில்லை. மானாமதுரையில் டீ வாங்கிக் கொடுத்தான். பாதியை வேட்டியில் கொட்டிக்கொண்டேன். பயந்தேன். இதில் எழுத வெட்கப்பட என்ன இருக்கிறது?

3 செப்டம்பர், அறந்தாங்கி

மடத்துத் தாழ்வாரத்தில் காலில் கட்டோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்துக் கறுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"குடை எங்க வந்திருக்கு?"

"பட்டுக்கோட்டை தாண்டியாச்சு. நாளை மறுநாள் சேர்ந்துரும்" என்றேன். அதைச் சொல்ல என்னை விட்டால் யார்? இத்தனை நாளாக அதுதானே வேலை.

அவள் அழுதாள். பிறகு, "பென்சிலின் ஊசி போட்டாக. மருந்துதான் காப்பாத்துச்சுன்னு சொல்லிருங்க" என்று அழுகையோடு சிரித்தாள். எந்த நேரத்தில் என்ன குத்தல்!

கால் ஆறியதும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"படி ஏறாதன்னு சொன்னீகளே."

"சொன்னேன். தப்பு. அது உன் வீடு" என்றேன். இவ்வளவுதான் வாயில் வந்தது. முறத்தில் இருந்த கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேருமாக ஆய்ந்தோம்.

5 செப்டம்பர்

கால் ஊன்றுகிறாள். பஸ் பேச்சை எடுத்தால் கேட்காத மாதிரி இருக்கிறாள். மீதி தூரத்தையும் நடப்பாளாம், தனியாகவாவது. மடத்துச் சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எதற்கு எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்? "நானும் வாறேன். ஆனா செருப்பு போட்டுத்தான் நடப்பேன். வேண்டிக்கிட்டது நீ" என்றேன்.

6 செப்டம்பர்

மெதுவாகத்தான் போகிறோம். மூட்டை என் தலையில். வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடையின் அருமை இப்போது தெரிகிறது.

8 செப்டம்பர்

இன்று வேளாங்கண்ணியில் திருநாள். எங்களுக்கு இன்னும் பட்டுக்கோட்டையே வரவில்லை. சாலையில் வேறு யாரும் நடக்கவில்லை. அவள் புளியமரத்தடியில் முட்டி போட்டு ஜெபித்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று என் ஜெபத்தைச் சொன்னேன்.

9 செப்டம்பர், பட்டுக்கோட்டை

பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்க் கூட்டம் திருநாள் முடிந்து திரும்புகிறது. மாரித்தாய் ஓடி வந்து குடையை ஞானதீபத்தின் கையில் கொடுத்தாள். வேளாங்கண்ணி மணல் இன்னும் கம்பிகளில் ஒட்டியிருந்தது. நான் கணக்கில்லாமல் விசாரித்த குடை.

"கோயிலுக்குள்ள கொண்டுபோய் மாதா முன்னால விரிச்சே காட்டிட்டேன்" என்றாள் மாரித்தாய். "உன் நேர்த்தி முடிஞ்சுபோச்சுத்தா. இன்னும் எதுக்கு நொண்டிக்கிட்டுப் போற? பஸ்ஸுல எடம் இருக்கு, ரெண்டு பேரும் ஏறுங்க."

ஞானதீபம் என்னைப் பார்த்தாள். கால் மறுபடி லேசாக வீங்கியிருக்கிறது. நான் ஏறு என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பாள். ஊரில் சீசன், முதலாளி, கமிட்டி. எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. பஸ் தயாராக நின்றது.

மூன்று வருஷம் இவளை நிறுத்தி வைத்தது நான். குடை போய் வந்துவிட்டது என்று நான் இன்னொரு முறை ஏமாறத் தயாராக இல்லை.

"குடை போயிட்டு வந்துருச்சு. இவ இன்னும் போகல. போயிட்டு வந்துர்றோம்" என்றேன்.

மாரித்தாய் தன் பையிலிருந்து பொரிகடலை எடுத்து ஞானதீபத்தின் மடியில் கட்டினாள். பஸ் போய்விட்டது. ஞானதீபம் குடையை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

10 செப்டம்பர்

செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்க ஆள் தேடவில்லை.

12 செப்டம்பர், முத்துப்பேட்டை

காலையில் பின்னாலிருந்து ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. சோணைமுத்து இறங்கி வந்து, குனிந்து, குடைக்குள் எட்டிப் பார்த்தான். "ஒரு தடவ ஏமாந்தாச்சுல்ல, அதான் யாருன்னு பார்த்துக்கிறேன்" என்றான். பிறகு என் காலைப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, வெறுங்காலு?"

"வார் அந்துருச்சுலே."

"நேத்து ஊருக்குள்ள செருப்புத் தைக்கிற ஆளு இருந்தாரு, இவுகதான் வேண்டாம்னுட்டாக" என்றாள் ஞானதீபம். அவளை யார் கேட்டது?

முதலாளி கத்தி ஓய்ந்துவிட்டாராம், வேலை இருக்கிறதாம். என் மேஜையில் கோட்டைச்சாமியின் தம்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் தப்புத் தப்பாக எழுதுகிறானாம். தேவமணி அக்கா தினமும் லாரி ஆபீஸுக்கே வந்து, எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாளாம்.

ஏறச் சொன்னான். மாட்டோம் என்றோம்.

"சரி, அக்கா கேப்பாக. என்ன சொல்லட்டும்?"

"முத்துப்பேட்டை தாண்டியாச்சுன்னு சொல்லு."

"யாரு தாண்டுனாகன்னு கேட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஞானதீபம் சொன்னாள்: "ரெண்டு பேருன்னு சொல்லுங்க தம்பி. வீட்டுப் படியக் கூட்டி வைக்கச் சொல்லுங்க."