ஏழாம் நம்பர் காராமணி

மரக்காணம்
11.9.2005, ஞாயிறு இரவு

அன்புள்ள கிருபா அக்காவுக்கு,

தேசப்பன் மகள் சத்யப்ரியா எழுதுவது. நான் நலம். வியாழக்கிழமை காலாண்டுத் தேர்வு தொடங்குகிறது. அப்பா தூங்கிவிட்டார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

உங்கள் விதை ஆராய்ச்சி ஆபீசிலிருந்து ஏழாம் நம்பர் காராமணி விதை நேற்று மூட்டையாக வந்து இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா விதைக்கிறார். தட்சணாமூர்த்தி மாமாவும் இன்னும் மூன்று பேரும் விதை கேட்டிருக்கிறார்கள். விதைக்க விடாதீர்கள் அக்கா. அது வறட்சி தாங்காது.

போன மார்கழியில் எங்கள் கொல்லையில் பன்னிரண்டு ரகத்தைப் பன்னிரண்டு வரிசையாகப் போட்டீர்கள். முளைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது, எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். "பட்டினி போட்டா புள்ள வளப்பாங்க?" என்று அம்மா கேட்டதற்குச் சிரித்தீர்கள். ஆள் போதாமல் ஏழாவது வரிசை விதையை அம்மா கையில் கொடுத்தீர்கள். அப்பா அன்று உப்பு லாரிக்கு லோடு ஏற்றப் போயிருந்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனாள். அன்றுதான் கடல் ஏறி வந்தது.

தை மாதக் கடைசியில் முதலில் வாடியது ஏழுதான். மற்றவை நின்றன. விடியும் முன்னே அப்பா உப்பளத்துக்குப் போனதும், கைப்பம்பில் இரண்டு குடம் பிடித்து ஏழுக்கு மட்டும் ஊற்றினேன். இருபத்து மூன்று நாள். நீங்கள் கொடுத்த நோட்டில் தினமும் 'தண்ணீர் இல்லை' என்றே எழுதினேன். நீங்கள் அதைப் பார்த்து என் கையெழுத்து அழகு என்றீர்கள். நாலாம் நம்பர் தண்ணீர் இல்லாமலே காய்த்தது. அது உண்மை.

அப்பா மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர். மூட்டை வந்ததும், "இனிமே உப்பு மிதிக்கப் போவல பாப்பா. ஏழு நம்மள விட்டுடாது" என்றார். உப்பள மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பேசியிருக்கிறார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். நான் தண்ணீர் ஊற்றியதை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். ஏழுக்கு மட்டும் ஏன் ஊற்றினாள் என்று கேட்பார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த வரிசையை விதைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் அக்கா.

உங்கள் சொல்லை மீறிய,
தே. சத்யப்ரியா