அடுப்படியில் கேட்ட பாட்டு

அக்கா,

இன்று காலை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்தேன். நீலக் கோடு போட்ட உங்கள் பை. வாயைத் திறந்ததும் சுக்கு வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எல்லாம் நீங்கள் வைத்தபடியே இருந்தன. தேயிலைத் தூள் பொட்டலம், சர்க்கரை டப்பா, வடிகட்டி, பாத்திரம் தேய்க்கும் நார், பழைய துணி, நீங்கள் தட்டிப் போட்ட சுக்கு. கடைசியாக நாம் சேர்ந்து போன துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது, "உன்ற ஊட்லயே இருக்கட்டும் புள்ள, அடுத்த தடவ எடுத்துக்கலாம்" என்றீர்கள். அடுத்தது உங்கள் வீடாகவே இருக்கும் என்று அப்போது நம் இருவருக்கும் தெரியாது.

உங்களை நான் முதலில் பார்த்ததும் ஒரு துக்க வீட்டில்தான். என் வீட்டில். இங்கே மலையில் வெலிங்டன் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்த என் கணவர், ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவேயில்லை. கூடம் முழுக்க ஆட்கள். ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார் ஒருவர். அவர்மேல் செம்பை வீசலாம் போலிருந்தது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நானும் நம்ம சர்ச்சுதானுங்க" என்றீர்கள், திரும்பாமலே. "இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க போயி அவருகிட்ட உக்காருங்க. அப்பறம் உக்காரோணும்னாலும் முடியாது." போய் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

பிறகு என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டீர்கள். சபையில் யார் வீட்டில் சாவு என்றாலும் ஒரு கையில் குடை, மறு கையில் இந்தப் பையோடு என் வாசலில் வந்து நிற்பீர்கள். "போலாமா புள்ள?" துக்க வீட்டில் தேயிலைத் தூள் எங்கே என்று கேட்டு யாரையும் எழுப்பக் கூடாது, அதற்குத்தான் பை. மூடுபனியில் படிக்கட்டு ஏறும்போதே ஜெபத்தையும் முடித்துவிடுவீர்கள். மூச்சு வாங்க வாங்க நீங்கள் சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. "கேக்கறவருக்குக் கேட்டாப் போதும்" என்பீர்கள்.

நீங்கள் கழுவுவீர்கள், நான் துடைப்பேன். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரில் விரல் மரத்துப் போகும். "உனக்கு வெரல் வீங்கிக்கும். நீ தொடச்சுப் போடு, போதும்" என்று என்னைத் தண்ணீரில் கை வைக்கவே விட்டதில்லை. ஒரு தடவை கேட்டேன். "ஏனக்கா, நமக்கும் நாலு வசனம் தெரியுமே. கூடத்துல போயி ஆறுதல் சொன்னா என்ன?" நீங்கள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "வசனம் சொல்றதுக்குப் பாஸ்டர் இருக்காரு. நாம இந்த டம்ளரக் கழுவிப் போட்டா அவிய அழுகறதுக்கு நேரங் கெடைக்கும்." திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு வேறு. ராகம் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

நீங்கள் போன அன்றும் நான் உங்கள் அடுப்படியில்தான் இருந்தேன். உள்ளே நுழைந்ததும் கால் தானாக அங்கே போய்விட்டது. கோயமுத்தூரிலிருந்து உங்கள் மகனும் மருமகளும் உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். டம்ளர்கள் வந்துகொண்டே இருந்தன. "அந்த அக்கா உள்ள இருக்காங்க, டீ வந்துரும்" என்று கூடத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கூட்டம் குறையட்டும், அப்புறம் நிதானமாக முகம் பார்க்கலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பெட்டி மூடும்போது பாடும் பாட்டு கேட்டது. ஈரக்கையோடு ஓடினேன். மூடிவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உறவுக்காரியாக இருந்தால் எங்கே என்று தேடியிருப்பார்கள். நான் டீ போடுகிறவள்.

ஆறுதல் ஜெபம் உங்கள் மகன் வீட்டில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அதுதானே முறை. சிநேகிதி செத்துப்போனால் எந்த வீட்டில் பாய் விரிப்பது? என் அடுப்படியில் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். ஆலயத்தில் என் பக்கத்தில் நீங்கள் உட்காரும் இடத்தில் கைப்பையை வைத்துக்கொள்கிறேன். ஆண்டவரோடும் எனக்குப் பேச்சு இல்லாமலே இருந்தது. கூடத்தில் அவரும் இருந்தாரே, என்னைக் கூப்பிட ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா என்று கோபம்.

இன்று காலை சபைப் பெண்கள் குழுவிலிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. கேத்தியில் கேரட் தோட்டத்தில் வேலை செய்துவந்த ஒரு சகோதரி இறந்துவிட்டார். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு எழுந்து பையை எடுத்தேன். அங்கே படியில் தனியாக ஏறும்போது ஜெபிக்கப் பார்த்தேன். "நீங்களும் வாங்க" என்பதற்குமேல் வரவில்லை. உங்களைச் சொன்னேனா, ஆண்டவரைச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

அடுப்படியில் எனக்கு முன்பே ஒரு பெண் இருந்தார். நெற்றியில் திருநீறு, காலில் தோட்டத்துச் சேறு. அழுதுகொண்டே டம்ளர் கழுவினார்.

"நானும் அதும் ஒண்ணாத்தானுங்க கேரட் புடுங்குவோம்" என்றார்.

"ஏனுங்க, முகம் பாத்தீங்களா?"

"இல்லீங்க. சொந்தக்காரங்க அத்தன பேரு உக்காந்திருக்காங்க. உங்க ஜெபத்துக்கு நடுவுல நானெப்படிங்க வர்றது?"

கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடத்தில் போதகர் சொன்னார். நான் அந்தப் பெண்ணின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன். "மொதல்ல போங்க. இதெல்லாம் நான் பாத்துக்கறேன். அப்பறம் பாக்கோணும்னாலும் முடியாது." தயங்கினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கூட்டத்தை விலக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

பாட்டு ஆரம்பித்தது. அன்று கேட்ட அதே பாட்டு. குழாயைத் திறந்துவிட்டு, உங்களுக்குப் பாட முடியாமல் போனதை அங்கே நின்று பாடினேன். ராகம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஆண்டவரே, எங்கள் அக்காவைப் பார்த்துக்கொள்ளும் என்று அப்போதுதான் ஒரு வாக்கியம் முழுதாக வந்தது.

அந்தப் பெண் திரும்பி வந்தார். முகம் வீங்கியிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நான் கழுவினேன், அவர் துடைத்தார்.

வீடு வந்து சேர்ந்ததும் இதை எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே விரல் வீங்கிவிட்டது, எழுத்து கோணலாகத்தான் வருகிறது. எல்லாருக்கும் டீ கொடுத்ததில், நீங்கள் தட்டிப் போட்டிருந்த சுக்கு தீர்ந்துவிட்டது அக்கா. நாளைக்குக் கடையில் வாங்க வேண்டும். இனி நான்தான் தட்டிப் போட வேண்டும்.