கரித்தட்டில் பூத்த வெள்ளை

கண்டி
02.01.2024

அன்பின் இஞ்சேருங்கோ,

போனில் தொடங்கினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இன்னும் கடைப் பாண்தானா?

நீங்கள் பஸ்ஸில் அனுப்பிய கரிப்பூட்டைப் பூஞ்சை பிடித்த சோளக் கதிர்கள் வந்தன. அந்தப் பூஞ்சையில் இரண்டு வகை உயிர்க்கலங்கள். தனியே இருந்தால் பயிரை ஒன்றும் செய்யாது. ஒன்று சின்னப் புரதம் ஒன்றைச் சமிக்ஞையாக விடும்; மற்றதன் மேலுள்ள புரதம் அதைப் பிடிக்கும். பிறகு ஒன்றையொன்று தேடி வளர்ந்து சேரும். சேர்ந்த பிறகுதான் நோய். ஆய்வுகூடத்தில் கரி கலந்த தட்டில், சேர்ந்தவை வெள்ளையாகப் பூத்திருந்தன. என்னோடு வேலை செய்யும் நிருஷன்தான் முதலில் கண்டு, “அனோ, ஓடி வாங்கோ” என்று கூப்பிட்டார்.

இன்னொரு பொதி வேண்டும். நிழலில் உலர்த்துங்கள், சூடு படக்கூடாது; பூஞ்சையின் வித்துகள் இங்கே முளைக்க வேண்டும். இது பிழையாகப் போனால் என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

உங்கள் அனோ


உடையார்கட்டு
07.01.2024

அன்பின் அனோ,

பாண்தான். அனோ என்று கூப்பிட உம்மைக் கட்டிய நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பொறாமைதான், மறைத்து என்ன? பூக்கிறது என் தோட்டத்துப் பூஞ்சை. பக்கத்தில் நின்று பார்ப்பது அவர். நான் இங்கே காட்டுப்பன்றி வராமல் காவல் நிற்கிறேன்.

கேட்ட கதிர்கள் இதனுடன் வருகின்றன. நிழலில்தான் காய்ந்தவை. முளைக்காவிட்டால் மனம் உடையாமல் வீட்டுக்கு வாரும்.

ரூபன்


கண்டி
19.01.2024

அன்பின் ரூபன்,

ஒன்றும் முளைக்கவில்லை. வெயிலில் காய்ந்திருந்தாலும் இந்த வித்துகள் இப்படி அடியோடு சாகாது. கதிரைப் பிரித்துப் பார்த்தேன். சோளமணிகள் வெந்திருந்தன. தோகைக்குள் வாய் பிளந்த நெல் ஒன்று கிடந்தது. நெல் அவிக்கிற கிடாரத்தில் வைத்து ஆவி காட்டியிருக்கிறீர்கள். நெல் அவித்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த மணம் தெரியாதா?

என்ன நடந்தது என்று நிருஷன் கேட்டார். “பஸ்ஸில எஞ்சினுக்குப் பக்கத்தில வச்சிட்டாங்கள் போல” என்றேன். அவருக்கும் எனக்கும் இடையில் எதுவும் இருந்ததில்லை. இப்போது ஒரு பொய் இருக்கிறது, அதுவும் உங்களைக் காப்பாற்றச் சொன்னது. எனக்குக் கோபம் ஆறவில்லை.

அவருடைய தாய் விமலேஸ்வரி ஓமந்தையில் சோளம் போட்டிருக்கிறா, அதிலும் கரிப்பூட்டைதான். நாளைக்கு இருவரும் அங்கே கதிர் எடுக்கப் போகிறோம். உங்கள் பக்கம் வரும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். நான் ஏறமாட்டேன்.

அனோஜா